பள்ளிவாசலில் நோன்பு திறப்பு: கஞ்சி, பேரீச்சம்பழம், தண்ணீர் (விருந்தாளிக்கும் பரிமாறுபவருக்கும் உள்ள முறைகள்)

கீழவீதி

எங்கள் தெருப் பள்ளிவாசல் ஜமாஅத்தார் இந்த ரமலானில் தெருவிலுள்ள எல்லா வீட்டுக்கும் இஃப்தார் (நோன்பு திறப்பு) அழைப்பு கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் நாலைந்து இந்துக் குடும்பங்கள் போகிறோம். எத்தனை மணிக்குப் போய் உட்கார வேண்டும், கையில் என்ன கொண்டு போகலாம், முன்னால் வைத்ததை எப்போது எடுக்க வேண்டும், தொழுகை ஆரம்பித்ததும் நாங்கள் எழுந்துவிட வேண்டுமா? தெரிந்த பாய்மார் விவரமாகச் சொன்னால் நன்றாக இருக்கும். எங்களில் இரண்டு பேர் சுத்த சைவம்.

மஃக்ரிப்

மஃக்ரிப் பாங்குக்கு (சூரியன் மறைந்ததும் வரும் தொழுகை அழைப்பு) பதினைந்து இருபது நிமிடம் முன்னால் போய்விடுங்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் வந்தால், வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களைத் தாண்டித் தாண்டி உங்களுக்கு இடம் தேடுவார்கள். பலர் துஆவில் (பிரார்த்தனையில்) இருக்கும் நேரம் அது.

செருப்பை வெளியே கழற்றிவிட்டு, கை கழுவிக்கொண்டு, சுப்ரா (சாப்பாட்டு விரிப்பு) விரித்திருக்கும் வெளிப்பள்ளியில் உட்காருங்கள். முழங்கால் மறைகிற உடை போதும். தொப்பி கட்டாயமில்லை, கொடுத்தால் போட்டுக்கொள்ளலாம், வேண்டாம் என்றாலும் யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள்.

நீங்கள் நோன்பு வைக்கவில்லை என்றாலும் பாங்குக்கு முன் எதையும் வாயில் வைக்காதீர்கள், தண்ணீர் உட்பட. மார்க்கச் சட்டப்படி உங்களுக்குத் தடை எதுவும் கிடையாது. பக்கத்தில் இருப்பவர் பதின்மூன்று மணி நேரம் தொண்டை நனைக்காமல் இருக்கிறார், அவருக்காகத்தான். சின்னப் பிள்ளைகள் கேட்டால் தாராளமாகக் கொடுக்கலாம்.

பாங்கு கேட்டதும் முதலில் பேரீச்சம்பழம், பிறகு தண்ணீர், அதற்குப் பிறகு கஞ்சி. நபிகள் கனிந்த பேரீச்சையாலும், அது இல்லையென்றால் உலர்ந்ததாலும், அதுவும் இல்லையென்றால் சில மிடறு தண்ணீராலும் நோன்பு திறந்ததாக நபித்தோழர் அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். அபூதாவூத், திர்மிதி என்ற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்புகளில் இருக்கிறது. வலது கையால், உட்கார்ந்து, உங்களுக்கு முன்னால் இருப்பதிலிருந்து எடுத்தால் போதும்.

தொழுகை தொடங்கும்போது நீங்கள் எழுந்து போக வேண்டியதில்லை. சுவர் ஓரமாகவோ பின்பக்கமோ உட்கார்ந்திருக்கலாம். தொழுபவருக்கு முன்னால் குறுக்கே நடப்பதை மட்டும் தவிருங்கள். மஃக்ரிப் ஃபர்ளு (கட்டாயத் தொழுகை) மூன்று ரக்அத் (சுற்று), ஐந்தாறு நிமிடத்தில் முடிந்துவிடும். துஆ நேரத்தில் போட்டோ எடுக்க வேண்டாம்.

ஆசிரியை_திருச்சி

கொண்டு போவதைப் பற்றி. பழமாக வாங்கிக்கொண்டு போங்கள். தர்பூசணி, வாழை, ஆரஞ்சு எதுவானாலும் சரி. முழுப் பழமாக அஸருக்கு (பிற்பகல் தொழுகைக்கு) முன்பே கொடுத்துவிட்டால் அவர்கள் நறுக்கிக்கொள்வார்கள். நல்ல பேரீச்சம்பழம் ஒரு பெட்டி எப்போதும் உதவும். பாலும் சர்க்கரையும்கூட நல்லதுதான், சர்பத்துக்குப் போய்விடும்.

பேக்கரி கேக், ஜெல்லி, புட்டிங் வேண்டாம். ஜெலட்டின் எதிலிருந்து எடுத்தது என்று உங்களுக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. வாங்கி ஒதுக்கி வைக்க வேண்டிய சங்கடம் இருவருக்கும். இஃப்தாரில் வைக்கிற கடல்பாசி கடலில் விளைகிற பாசியிலிருந்து வருவது, அதில் அந்தச் சிக்கல் இல்லை. உங்கள் சைவக்காரர்களும் அதைச் சாப்பிடலாம்.

கஞ்சியைப் பற்றி மட்டும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பல பள்ளிகளில் கொத்துக்கறி போடுவார்கள். அரைத்துக் கரைந்து போயிருப்பதால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

தேக்சா

ஆசிரியை அம்மா சொன்னதை நான் சமையல்காரர் பக்கத்திலிருந்து அழுத்திச் சொல்கிறேன். ஊர் முழுக்க அழைக்கிற நாளில் கறி போடாமல் காய்ச்சுவதுதான் முறை. கறி வேண்டுமென்றால் தனி தேக்சா (பெரிய சமையல் பாத்திரம்), தனி அகப்பை. ஒரே அகப்பையை இரண்டிலும் விட்டால் சைவக் கஞ்சி என்று சொல்வதற்கு அர்த்தமில்லை. எது எது என்று தேக்சாவின் மேலேயே எழுதி ஒட்டுங்கள். பரிமாறுகிற பையனின் ஞாபகத்தை நம்ப வேண்டாம்.

புதுப்பள்ளி_செயலர்

அஸ்ஸலாமு அலைக்கும். நல்ல இழை. நம் பள்ளியில் இந்த வருடம் கஞ்சிப் பொறுப்பு புதியவர்கள் கையில். தினமும் 300 பேருக்கு. தேக்சா பாய், அளவு சொல்ல முடியுமா? போன வருடம் மாலைக்குள் இறுகிப் போவதும், அடிப்பிடித்த வாடையும் பெரிய குறையாக இருந்தது.

தேக்சா

வஅலைக்குமுஸ்ஸலாம். ஆளுக்குக் கால் லிட்டர் என்று வைத்து 100 பேருக்கு:

பச்சரிசி நொய் இரண்டரை கிலோ, பாசிப்பருப்பு அரை கிலோ, வெந்தயம் 40 கிராம். சின்ன வெங்காயமோ பெரியதோ ஒன்றரை கிலோ, தக்காளி ஒரு கிலோ, பூண்டு கால் கிலோ, இஞ்சி 200 கிராம், பச்சை மிளகாய் 100 கிராம், மல்லி புதினா இரண்டிரண்டு கட்டு, மஞ்சள் தூள் மூன்று தேக்கரண்டி. எண்ணெயும் நெய்யும் சேர்த்து 300 மில்லி. பட்டை 10 கிராம், கிராம்பு ஏலம் ஐந்தைந்து கிராம், ரம்பை இலை இரண்டு முழ நீளம். தேங்காய் ஐந்து. கல் உப்பு 200 கிராம் முதலில்; மேலே 40, 50 கிராம் கடைசியில் பார்த்து. கறி போடுவதானால் கொத்துக்கறி ஒன்றேகால் கிலோ. தண்ணீர் 27 லிட்டர்.

300 பேருக்கு மற்றதையெல்லாம் மூன்றால் பெருக்குங்கள். தண்ணீரை மட்டும் பெருக்காதீர்கள், 73 லிட்டர் போதும். பெரிய தேக்சாவில் கொள்ளளவுக்குப் பார்த்தால் வாய் சிறியது, ஆவியாகிப் போவது குறைவு. 81 ஊற்றினால் நீர்த்துப் போகும். அதைக் கட்டியாக்க நின்று காய்ச்சும்போதுதான் அடிப்பிடிக்கும்.

செய்முறை. லுஹர் (நண்பகல் தொழுகை) முடிந்ததும் அடுப்பு. தண்ணீர் கொதி வந்த பிறகு பருப்பு, வெந்தயம், பாதிப் பூண்டு. பருப்பு முக்கால் வேக்காடு வந்ததும், அரை மணி நேரம் ஊறிய நொய்யை வடித்து, ஒருவர் தூவ இன்னொருவர் கிண்ட வேண்டும். பச்சைத் தண்ணீரிலேயே நொய்யைப் போட்டு ஏற்றினால் கீழே படிந்து கட்டி விழும். அடிப்பிடித்தலுக்கு முதல் காரணம் அதுதான். தாளிப்பு தனிச் சட்டியில்: எண்ணெய், வாசனைச் சாமான், ரம்பை, வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, தக்காளி, மிளகாய், பிறகு கறி. கறியைத் தாளிப்பிலேயே உதிர்த்து வேகவிட்டுத்தான் கஞ்சியில் சேர்க்க வேண்டும். நேராகப் போட்டால் உருண்டை உருண்டையாகத் திரளும். தேங்காய்ப்பால் கடைசியில், தீயைத் தணித்த பிறகு. ஓரம் லேசாகக் குமிழி விட்டதும் இறக்கிவிடுங்கள். தளதளவென்று கொதித்தால் பால் திரிந்து மேலே எண்ணெய் பிரியும்.

துடுப்பு மரத்தில் இருக்கட்டும், அடியைத் தொட்டு இழுத்துக் கிண்டுங்கள். அடிப்பிடித்த வாடை மூக்கில் பட்ட உடனே அடுப்பை அணைத்துவிட வேண்டும். துடுப்பு அடியில் படக்கூடாது, சுரண்டக்கூடாது. மேலே உள்ளதை மட்டும் வேறு தேக்சாவுக்கு மாற்றுங்கள். அடியில் நாலு விரல் நின்றால் நிற்கட்டும். அதையும் சேர்த்துக் கலக்கினால் மொத்தமும் போச்சு.

இறுகுவது அரிசியின் குணம், தடுக்க முடியாது. பக்கத்து அடுப்பில் பத்து லிட்டர் வெந்நீர் எப்போதும் இருக்கட்டும். பரிமாறுவதற்கு முன் அதை ஊற்றி இளக்கி, உப்பை மறுபடி சரிபார்த்துவிடுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் சூடும் போகும், சீக்கிரம் கெட்டும் போகும்.

புதுப்பள்ளி_செயலர்

ஜஸாகல்லாஹ் ஹைர் பாய். உப்புப் பார்ப்பது பற்றி ஒரு கேள்வி. காய்ச்சுகிற எல்லோருமே நோன்பாளிகள்.

மஃக்ரிப்

தேவை இருக்கும்போது நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடலாம், விழுங்கக்கூடாது. சமையல் பொறுப்பில் இருப்பவருக்கு அது தேவைதான். தேவையில்லாமல் ருசி பார்ப்பது மக்ரூஹ் (விரும்பத்தகாதது) என்று ஹனஃபி, ஷாஃபி இரண்டு மத்ஹபிலும் (சட்டப் பிரிவிலும்) சொல்கிறார்கள். துப்பிய பிறகு வாய் கொப்பளித்துக்கொள்வது நல்லது. ஒரே ஆள் பார்க்கட்டும். நாலு பேர் நாலு தடவை பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

காயல்_கரை

சூட்டைப் பற்றி யாரும் எழுதவில்லையே காக்காமாரே (அண்ணன்மாரே). கஞ்சி வீணாவதும் தொழுகை தாமதமாவதும் பெரும்பாலும் அதனால்தான். அடுப்பிலிருந்து நேராகக் கோப்பையில் ஊற்றி, பாங்கு நேரத்தில் கையில் கொடுக்கிறார்கள். வாய் வைக்க முடியாது. ஊதிக் குடிப்பார்கள், பாத்திரத்தில் மூச்சு விடுவதும் உணவில் ஊதுவதும் ஹதீஸில் தடுக்கப்பட்டது. நான்கு வாய் குடிப்பதற்குள் இகாமத் (தொழுகை தொடங்குகிற அறிவிப்பு) சொல்லிவிடுவார்கள். முக்கால் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து ஓட வேண்டியதுதான். கழுவுகிற இடத்தில் போய்ப் பார்த்தால் வாளி வாளியாகக் கொட்டிக் கிடக்கும்.

பாங்குக்குப் பன்னிரண்டு நிமிடம் முன்னால் கோப்பையில் ஊற்றுங்கள். பீங்கான் கோப்பையானால் பதினைந்து. எவர்சில்வர் சீக்கிரம் ஆறும், பத்துப் போதும். தட்டத்தை மேலே கவிழ்த்து மூடி வையுங்கள். முக்கால் கோப்பை ஊற்றினால் போதும். கேட்பவருக்கு இரண்டாவது அகப்பை விடலாம். விளிம்பு வரை நிரப்பினால் சுப்ராவைத் தாண்டிக் கம்பளத்தில் சிந்தும். கஞ்சி ஊறிய கம்பளத்தைத் துவைத்தாலும் இரண்டு நாள் புளித்த வாடை போகாது. அதே இடத்தில்தான் நெற்றி வைத்து ஸஜ்தா செய்ய வேண்டும் என்பதைப் பரிமாறும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

நெல்லைவாசி

பேரீச்சம்பழமும் தண்ணீரும் மட்டும் எடுத்து நோன்பு திறந்துவிட்டு, மஃக்ரிப் தொழுதுவிட்டு, பிறகு நிதானமாகக் கஞ்சி என்று வைத்தால் இந்த அவசரமே இல்லையே. தொழுகைக்கு முன் பேரீச்சை அல்லது தண்ணீர் என்பதுதான் அந்த அனஸ் (ரலி) ஹதீஸிலும் வருகிறது. சில ஊர்களில் அப்படித்தான் செய்கிறார்கள்.

மஃக்ரிப்

செய்யலாம், நல்ல முறையும்கூட. ஆனால் கஞ்சி முன்னால் வந்து வாசனை மூக்கில் ஏறிய பிறகு எழுந்து தொழச் சொன்னால் மனம் கஞ்சியில்தான் இருக்கும். இரவு உணவு வைக்கப்பட்டு இகாமத்தும் சொல்லப்பட்டால் உணவிலிருந்து ஆரம்பியுங்கள் என்ற ஹதீஸ் புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு தொகுப்புகளிலும் உண்டு. தொழுகைக்குப் பிறகு என்றால் கஞ்சியைப் பிறகே கொண்டு வர வேண்டும். கொண்டு வந்து வைத்துவிட்டுக் காத்திருக்கச் சொல்லக் கூடாது.

நெல்லைவாசி

அப்படி வைத்தால் வெளியூர்ப் பயணிகள், கடைக்குத் திரும்ப வேண்டியவர்கள், தள்ளுவண்டிக்காரர்கள் கஞ்சி குடிக்காமலே போய்விடுகிறார்கள் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். பேருந்து நிலையம், சந்தை பக்கத்துப் பள்ளிகளுக்கு முன்னாலேயே கொடுப்பதுதான் சரி.

காயல்_கரை

அதனால்தான் பாங்குக்கும் இகாமத்துக்கும் நடுவில் ரமலானில் பத்து நிமிடம் என்று ஜமாஅத் முடிவு செய்து பலகையில் எழுதிப் போட வேண்டும் என்கிறேன். எழுதாமல் விட்டால் ஒருநாள் ஐந்து நிமிடம், ஒருநாள் பதினைந்து. தொழுகை நடத்தும் பேஷ் இமாமுக்கும் சங்கடம், முதியவர்களுக்கும் சங்கடம்.

சாப்பிட்ட பிறகு மறுபடி ஒளு (தொழுகைக்காகக் கை, முகம், கால் கழுவுவது) வேண்டியதில்லை, வாய் கொப்பளித்தால் போதும். ஆனால் கோப்பை கழுவுவதையும் கொப்பளிப்பதையும் ஹவுளில் (ஒளு செய்யும் நீர்த்தொட்டியில்) செய்யாதீர்கள். பருக்கை மிதந்தால் அடுத்து ஒளு செய்ய வருபவர் எதில் செய்வார்? தனிக் குழாய், கீழே வடிகட்டி வைத்த தொட்டி. இதற்கென்றே ஒரு ஆள் நிற்க வேண்டும்.

கொங்கு_பக்கம்

நேரத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. எங்கள் கோவைப் பக்கம் சிலர் டிவியில் வரும் சென்னைப் பாங்கைக் கேட்டு வாயில் வைத்துவிடுகிறார்கள். தீர்க்கரேகைக் கணக்கில் சென்னைக்கும் கோவைக்கும் மூன்றேகால் பாகை வித்தியாசம். மார்ச் மாதத்தில் சூரியன் மறைவது ஏறக்குறைய 13 நிமிடம் தள்ளி. மறையாமலே திறந்தால் அந்த நோன்பைக் களாச் செய்ய (ஈடாக வேறொரு நாள் நோற்க) வேண்டும் என்பதுதான் பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. செல்போன் செயலியிலும் ஊர் எது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். விருந்தாளிகளும் போனில் வேறு ஊர்ப் பாங்கை ஒலிக்கவிடாமல் சத்தத்தை அணைத்து வைப்பது நல்லது. கூட்டத்தில் ஒருவர் எடுத்தால் நாலு பேர் எடுத்துவிடுவார்கள்.

பள்ளிக்குள் இருக்கும்போது மோதினார் (பாங்கு சொல்பவர்) சொல்லும் பாங்குதான் கணக்கு. அவரும் நோன்பாளி. ஒரு பழமும் ஒரு மிடறு தண்ணீரும் அவர் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். பல பள்ளிகளில் எல்லோருக்கும் தட்டம் போகும், மைக் முன்னால் நிற்பவரை மறந்துவிடுவார்கள்.

கீழவீதி

மிக்க நன்றி. பேரீச்சம்பழம் ஒற்றைப்படையில்தான் சாப்பிட வேண்டும் என்று ஒருவர் சொன்னார். எங்களுக்கும் அதுதானா?

மஃக்ரிப்

ஒற்றைப்படை என்று புகாரியில் வருவது நோன்புப் பெருநாள் காலையில் தொழுகைக்குப் போகும் முன் சாப்பிடுவது பற்றி. நோன்பு திறக்கும்போதும் அப்படிச் செய்பவர்கள் உண்டு, செய்யட்டும். உங்களுக்கு இரண்டு வேண்டுமென்றால் இரண்டு எடுங்கள். கொட்டையைத் தட்டத்தின் ஓரத்தில் வையுங்கள். சுப்ராவில் விட்டால் அது மடிக்கும்போது கம்பளத்துக்குப் போகும். இருட்டில் காலில் குத்தும்.

ஆசிரியை_திருச்சி

அஸருக்குப் பிறகு தூக்குச் சட்டியோடு வருபவர்களைப் பற்றியும் எழுதுங்கள். பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். பெண்களுக்கு இடமில்லாத பள்ளிகளில் அவர்களுக்கு இஃப்தார் என்றால் அந்தத் தூக்கில் போகிற கஞ்சிதான். எல்லா மதத்தாரும் அந்த வரிசையில் நிற்பார்கள்.

தேக்சா

எழுத வேண்டியதுதான். பள்ளிக்குள் நோன்பு திறப்பவர்களுக்கு வேண்டியதை முதலிலேயே தனி தேக்சாவில் எடுத்து மூடிவிடுங்கள். மீதியில்தான் விநியோகம். இந்த ஒழுங்கு இல்லாவிட்டால் கடைசியில் வந்த பத்துப் பேருக்கு வெந்நீர் கலந்த கஞ்சிதான் போகும்.

வீட்டுக்கு ஒரு லிட்டர் என்றால் ஒரு லிட்டர் அகப்பைதான். தெரிந்தவருக்கு ஒன்றரை, தெரியாதவருக்கு முக்கால் என்று ஊற்றுகிற கையை வரிசையில் நிற்கும் எல்லோரும் பார்ப்பார்கள். அவர்கள் பாத்திரத்தை தேக்சாவில் முக்க விடாதீர்கள். அகப்பையும் அவர்கள் பாத்திர விளிம்பில் படக்கூடாது. வீட்டிலிருந்து வரும் தூக்கில் நேற்றைய மோர் ஒட்டியிருக்கலாம். அகப்பை வழியாக மொத்தமும் புளித்துவிடும். ஜமாஅத்தார், நிர்வாகி வீட்டுப் பிள்ளைகள் என்று பக்கவாட்டில் சட்டி நீட்டுவதையும் நிறுத்த வேண்டும்.

பிளாஸ்டிக் பையில் சுடச்சுட ஊற்றிக் கட்டிக் கொடுப்பது வேண்டவே வேண்டாம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பைகள், தெர்மாகோல் குவளை, பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளை எல்லாவற்றுக்கும் தடை. பாத்திரம் இல்லாமல் வருபவருக்கு நாலு எவர்சில்வர் தூக்கு பள்ளியிலேயே இருக்கட்டும், மறுநாள் கொண்டு வரச் சொல்லலாம்.

மருந்தகம்_34

பாதுகாப்பைப் பற்றி. அரிசிக் கஞ்சி கொதித்தால் எல்லாக் கிருமியும் செத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியையும் தாங்கும். கஞ்சி வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் நின்றால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். சில வகை நஞ்சு மறுபடி சுடவைத்தாலும் போகாது. அதனால் இறக்கியதிலிருந்து பரிமாறும் வரை 60 டிகிரி செல்சியஸுக்கு மேலேயே வைத்திருக்க வேண்டும். கனமான மூடி, அடியில் சிறு தணல் அல்லது சிறு தீ. ஒரு வெப்பமானி வாங்கி வைத்தால் ஊகம் தேவையில்லை. பகல் 12 மணிக்கே காய்ச்சி ஆறவிடுவதுதான் மிக ஆபத்து. வீட்டுக்கு வாங்கிப் போனவர்கள் அன்றே குடித்து முடியுங்கள். தேங்காய்ப்பால் சேர்த்ததை ஸஹருக்கு (விடியுமுன் உண்பதற்கு) என்று வெளியில் வைக்காதீர்கள்.

கையில் வெட்டுக்காயமோ வயிற்றுப்போக்கோ இருப்பவர் எவ்வளவு ஆர்வமாக வந்தாலும் அகப்பை கொடுக்கக்கூடாது. சுப்ரா விரிக்கிற வேலை கொடுங்கள்.

துறைமுகம்

சிங்கப்பூரில் சூலியா என்று அழைக்கப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் 1826இல் உண்டாக்கிய ஜாமிஆ சூலியா பள்ளியிலும், பினாங்கு கப்பித்தான் கெலிங் பள்ளியிலும் இதே நோன்புக் கஞ்சி இன்றும் உண்டு. கடல் கடந்தும் அந்தப் பழக்கம் விட்டுப் போகவில்லை.

பரிமாறுகிற முறைக்குச் சென்னையில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசலில் சூஃபிதார் அமைப்பைச் சேர்ந்த சிந்தி இந்துக்கள் பல பத்தாண்டுகளாக இஃப்தார் உணவு கொண்டு வந்து தாங்களே தலையில் தொப்பி அணிந்து பரிமாறுகிறார்கள். பிரிவினையில் சிந்துவிலிருந்து வந்த தாதா ரத்தன்சந்த் தொடங்கிவைத்தது. கீழவீதி அண்ணே, ஒருநாள் உங்கள் தெருக்காரர்கள் செலவை ஏற்றுக்கொள்ள விரும்பினால் ஜமாஅத்தில் தாராளமாகக் கேட்கலாம்.

புதுப்பள்ளி_செயலர்

பணம் என்று வந்ததால் ஒன்று கேட்கிறேன். சிலர் ஜகாத் (கட்டாயக் கொடை) பணத்தையே கஞ்சிக்கு என்று தருகிறார்கள். வாங்கலாமா?

மஃக்ரிப்

கஞ்சிக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஜகாத் யாருக்கு என்று குர்ஆன் 9:60இல் எட்டு வகையினரைச் சொல்கிறது. கஞ்சியை வசதியுள்ளவரும் குடிக்கிறார், இல்லாதவரும் குடிக்கிறார். ஸதகா (விருப்பத் தானம்), அன்பளிப்பு என்று வருவதை மட்டும் கஞ்சிக்கு எடுங்கள், ஜகாத்துக்குத் தனி ரசீது, தனிப் பெட்டி. தருபவரிடம் அந்த இடத்திலேயே நிய்யத் (எண்ணம்) என்ன என்று கேட்டு ரசீதில் எழுதுங்கள். நோன்பாளியை நோன்பு திறக்கச் செய்பவருக்கு அவரைப் போன்ற கூலி, நோன்பாளியின் கூலியில் எதுவும் குறையாமல் உண்டு என்று திர்மிதியில் வருவதால் ஸதகாவாகவே கொடுக்க மக்களுக்கு ஆர்வம் இருக்கும்.

தமிழ்நாடு அரசு 2001 முதல் நோன்புக் கஞ்சிக்குப் பச்சரிசி தருகிறது. மாவட்ட ஆட்சியர் வழியாக அனுமதி வாங்க வேண்டும். அந்த அரிசியைக் கஞ்சிக்கு மட்டும் எடுங்கள், பெருநாள் பிரியாணிக்கோ வேறெதற்கோ திருப்பாதீர்கள். வரவும் செலவும் நாள்வாரியாகப் பதிவேட்டில் இருக்கட்டும்.

கீழவீதி

கடைசியாக ஒன்று. எங்கள் வீட்டு அம்மாவுக்கு வெங்காயம், பூண்டு பச்சையாகவே பிடிக்கும். போகும் முன் சாப்பிட்டால் பரவாயில்லையா? தெரியாமல் ஏதாவது மீறிவிடக்கூடாது என்றுதான் கேட்கிறேன்.

காயல்_கரை

நல்ல கேள்வி. பச்சை வெங்காயமோ பூண்டோ தின்றவர் அந்த வாடையோடு பள்ளிக்கு வர வேண்டாம் என்பது எங்களுக்கே உள்ள கட்டளை. வேகவைத்து வாடை போன பிறகு சாப்பிட்டால் தடை இல்லை. அதனால்தான் கஞ்சிப் பூண்டை நன்றாக வேகவிடச் சொல்கிறோம், மேலே பச்சை வெங்காயம் தூவ வேண்டாம் என்கிறோம். அம்மாவை மதியமே சாப்பிடச் சொல்லுங்கள், கிளம்பும்போது பல் துலக்கிவிட்டால் போதும். பெண்களுக்கு உட்கார எந்த வாசல், எந்தப் பக்கம் என்று முந்தின நாளே நிர்வாகியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அழைப்புக் கொடுத்தவர் வீட்டுப் பெண்களில் ஒருவரை வாசலில் நிற்கச் சொல்வார்கள். அம்மாவுக்கு முட்டி வலி இருந்தால் நாற்காலி வேண்டும் என்றும் அப்போதே சொல்லிவிடுங்கள்.